பார்த்ததற்கும் காசு கொடுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வண்டி 2016ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, தானாக மாறும் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி, 82,000 கிலோமீட்டர் ஓடியது. சென்னையில் உறவினரிடம் வாங்கி ஓராண்டாகக் காரைக்குடியில் வைத்திருக்கிறீர்கள். இரண்டு மாதங்களாக 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் அழுத்தி மிதித்தால் இழுவை இல்லை, பானெட்டுக்குள்ளிருந்து சீழ்க்கை போன்ற ஓர் ஓசை வருகிறது, இன்ஜின் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. ஒரு பட்டறையில் டர்போ போய்விட்டது, ஒன்றேமுக்கால் லட்சம் ஆகும் என்றார்கள். இன்னோர் இடத்தில், ரீமேப் போட்டால், அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதினால், எல்லாம் சரியாகிவிடும், முப்பது குதிரைத்திறன் கூடவும் செய்யும் என்றார்கள். இவர்களில் யாரை நம்புவது, நம்பத்தக்க ஒருவரை நம் பகுதியில் எப்படித் தேடுவது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம் என்பதே என் பதில். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஒருவர் ஸ்கேனரைச் செருகி பி0299 என்ற கோடை, அதாவது பழுதுக் குறியீட்டைப் படித்தார், மற்றவர் அதையும் செய்யவில்லை. அந்தக் கோடு சொல்வது ஒன்றுதான்: இன்ஜினின் கணினி கேட்ட பூஸ்ட், அதாவது டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் அழுத்தம், கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதற்கு டர்போ காரணமாக இருக்கலாம், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கசிவு இருக்கலாம், டைவர்ட்டர் வால்வு சரியாக மூடாமலிருக்கலாம், டர்போவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருக்கலாம், அழுத்த சென்சார் தவறான கணக்குச் சொல்லலாம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே நொறுங்கி அடைத்துக்கொண்டிருக்கலாம். இவற்றுள் சில நூறு ரூபாயில் முடிபவையும் உண்டு, லட்சத்தைத் தாண்டுபவையும் உண்டு. எது என்று பிரித்தறியும் வேலை உங்கள் வண்டியில் இன்னும் தொடங்கவே இல்லை. இந்நிலையில் ரீமேப் செய்வதோ இன்னும் ஆபத்து. கசியும் குழாயை வைத்துக்கொண்டு அதிக பூஸ்ட் கேட்டால், அந்தக் கசிவை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழலும், நன்றாக இருக்கும் டர்போவும் கெடும்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஏழு மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் தேவகோட்டைக்குத் திரும்பினேன். என் டர்போ பெட்ரோல் வண்டியில் ஒரேயடியாகப் பதினாறு பழுதுக் கோடுகள் பதிவாகியிருந்தன. வண்டி குலுங்கியது, கியர் மாறும்போது இடித்தது. ஒரு பட்டறையில் நான்கு இக்னிஷன் காயிலையும் மாற்றினார்கள், பிறகு உயரழுத்த பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள், பிறகு கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அறுபத்து நான்காயிரம் ரூபாய் செலவழித்த பிறகு, கோட்டையூர்ப் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியின் எதிர்முனையிலும் இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். எர்த் கேபிளின் முனை பச்சை பூத்து உள்ளே அரித்திருந்தது. அவர் வாங்கிய கூலி முந்நூற்றைம்பது ரூபாய்.

அந்த முதல் பட்டறைக்காரரை நான் நெடுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது பாதிக் குற்றம் என் பக்கம் இருப்பது தெரிந்தது. நம் ஊர்களில் மெக்கானிக் வண்டியைப் பார்ப்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அரை நாள் உட்கார்ந்து ஒருவர் பழுதைக் கண்டுபிடித்து, "கிளாம்ப் தளர்ந்திருந்துச்சு, இறுக்கிட்டேன்" என்று உண்மையைச் சொன்னால், "இதுக்கு என்னண்ணே ஆயிரம் ரூவா?" என்று கேட்பவர்கள்தாம் நாம். அதே ஆள் ஒரு பொருளை மாற்றி, அந்தப் பொருளின் விலையோடு கூலியையும் சேர்த்து எட்டாயிரம் பில் போட்டால், மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகிறோம். அளந்து பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, கழற்றி மாற்றுபவருக்குப் பிழைப்பு நடக்கிறது. இந்த ஏற்பாட்டில் நேர்மையான ஆள்கூட நாளடைவில் பொருளை மாற்றத் தொடங்கிவிடுவார்.

ஆகவே மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பட்டறைக்குப் போனாலும், வண்டியைக் கொடுக்கும்போதே இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, முதல்ல என்ன கோளாறுன்னு மட்டும் பாருங்க. பார்க்கிறதுக்குத் தனியா கூலி வாங்கிக்குங்க. எதையும் மாத்த வேண்டாம். என்ன அளந்தீங்க, என்ன வந்துச்சுன்னு எழுதிக் கொடுங்க. மாத்துறதை அப்புறம் பேசிக்குவோம்." இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ ஒரு தொகையைச் சொல்லி, நாளை காலைவரை வண்டி வேண்டும் என்பவர் ஒரு வகை. "அதெல்லாம் எதுக்கு, எனக்குத் தெரியும், டர்போதான்" என்பவர் இன்னொரு வகை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வியாபாரம் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தூக்குச் சட்டியைக் கையில் கொடுத்தால், அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை சொல்ல மாட்டார். இரண்டாயிரம் ரூபாய்ச் சட்டிக்கு இருக்கும் மரியாதை இருபது லட்ச ரூபாய் வண்டிக்கும் இருக்க வேண்டாமா?

யாரிடம் விசாரிப்பது என்பது அடுத்தது. டிராவல்ஸ் வைத்திருப்பவர்களைக் கேட்பது நம் பக்கத்து வழக்கம். அவர்கள் டீசல் இன்னோவாவுக்கு நல்ல ஆளைச் சொல்வார்கள். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைச் செலுத்தும் டர்போ இன்ஜினுக்கு அந்தப் பரிந்துரை பயன்படாது. என் அனுபவத்தில் இரண்டு பேரின் சொல்லுக்கு எடை அதிகம். ஒருவர் உதிரிபாகக் கடைக்காரர். எந்தப் பட்டறை பார்ட் நம்பரைச் சொல்லி ஆர்டர் செய்கிறது, எது "ஸ்கோடாவுக்கு ஒரு சென்சார் குடுங்க" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கிறது, எது வாங்கியதைப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓ-ரிங், கேஸ்கெட், கிளாம்ப் என்று சில்லறைப் பொருள்களை அடிக்கடி வாங்கும் பட்டறையில் பழுதைத் தேடிப் பார்த்து வேலை செய்கிறார்கள் என்று பொருள். எப்போதும் முழு அசெம்ப்ளியாகவே வாங்குமிடத்தில் அந்தத் தேடல் குறைவு. இன்னொருவர் லேத் பட்டறைக்காரர். சிலிண்டர் ஹெட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டு "ஃபேஸிங் பண்ணி வைங்க" என்று போகிறவர் யார், நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவை அளந்து எண்ணைச் சொல்லிக் கொடுக்கிறவர் யார் என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இந்த இருவரும் மெக்கானிக்கின் வேலையைப் பின்கட்டிலிருந்து பார்ப்பவர்கள். வாடிக்கையாளர்களின் புகழுரையைவிட இவர்கள் சொல்லும் அரைவாக்கியம் மேல்.

நல்ல கண்டறிதல் எப்படி இருக்கும் என்று ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். அதைச் சொன்னால் உங்களுக்கு அளவுகோல் கிடைக்கும். நண்பர் ஒருவரின் டர்போ செடானில் ஏறத்தாழ உங்களுக்கு இருக்கும் அதே தொல்லை. காரைக்குடிக்கு வெளியே, தகரக் கூரை போட்ட பட்டறை. உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். வண்டியை வாங்கியதும் அவர் ஸ்கேனரை எடுக்கவில்லை. பேட்டரி அழுத்தத்தைப் பார்த்தார்: 12.5 வோல்ட். சாவியைப் போட்டு, இன்ஜினைக் கிளப்பாமல், பூஸ்ட் சென்சார் என்ன காட்டுகிறது என்று பார்த்தார்: 1,004 மில்லிபார். காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத ஊர். இன்ஜின் ஓடாதபோது அந்தச் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தமான ஏறத்தாழ 1,000 மில்லிபாரைத்தான் காட்ட வேண்டும். காட்டியதால் சென்சார் யோக்கியம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். பிறகே கோடுகளைப் படித்தார். படித்ததை அழிக்கவில்லை, ஒவ்வொரு கோடும் பதிவான நொடியில் வேகம், வெப்பம், சுமை என்ன என்று கணினி சேமித்து வைத்திருக்கும் விவரத்தையும் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டார்.

அடுத்து மடிக்கணினியை இணைத்து, நண்பரை ஓட்டச் சொல்லித் தான் பக்கத்தில் உட்கார்ந்து, திருமயம் போகும் சாலையில் ஒரு சுற்று வந்தார். கணினி கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் இரண்டு வரைகோடுகளாகத் திரையில் விழுந்தன. கேட்டது 1,700 மில்லிபார், கிடைத்தது 1,400. இரண்டு வரைகோடுகளும் தொடக்கத்தில் ஒட்டியே ஏறி, அழுத்தம் கூடக் கூடப் பிரிந்தன. "டர்போ செத்திருந்தா ஆரம்பத்துலேயே ஏறாது. இது ஏறுது, ஆனா எங்கயோ ஓடுது" என்றார். அப்படிப் பிரிவதற்கு வேஸ்ட்கேட்டும் காரணமாகலாம் என்பதால் அதோடு அவர் முடிவுக்கு வரவில்லை.

பட்டறைக்குத் திரும்பி அவர் எடுத்த கருவியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய பெயின்ட் டப்பா ஒன்று. அதன் பக்கவாட்டில் ஏதோ டீசல் வண்டியின் குளோ பிளக். உள்ளே கொஞ்சம் பேபி ஆயில். மூடியில் இரண்டு குழாய்கள். குளோ பிளக்குக்கு மின்சாரம் கொடுத்தால் எண்ணெய் காய்ந்து வெள்ளைப் புகை எழும்; கம்ப்ரஸரிலிருந்து மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைவிட்டால் அந்தப் புகை இன்டேக் குழாய்க்குள் போகும். கடையில் பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் ஸ்மோக் மெஷின் செய்வதும் இதையேதான். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். மூன்று நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்பம்பருக்குப் பின்னால், இன்டர்கூலரில் ஹோஸ் சேரும் இடத்தில், ஊதுவத்திப் புகைபோல ஒரு நூல் எழுந்தது. "பாருங்கண்ணே" என்று நண்பரைக் குனியவைத்துக் காட்டினார். ஸ்பிரிங் கிளிப்பை நீக்கிக் குழாயை உருவியபோது உள்ளேயிருந்த ஓ-ரிங் ஓரிடத்தில் தட்டையாகி வெடித்திருந்தது. புது ஓ-ரிங் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆயிற்று. மாற்றிய பிறகு அதே சாலையில் மறுபடி ஓட்டி, இரண்டு வரைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் காட்டினார். பழைய ஓ-ரிங்கைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார். பார்த்ததற்கு 1,500, பொருளும் கூலியும் தனி.

இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டிக்கும் ஓ-ரிங் வாங்கிவிடாதீர்கள். சீழ்க்கை ஓசை கசிவைத்தான் சுட்டுகிறது என்றாலும், பேரிங் தேய்ந்த டர்போவும் ஓசை எழுப்பும். அது பெரும்பாலும் சைரன்போல வேகத்தோடு ஏறி இறங்கும். டர்போவைக் குறைசொல்பவர் குறைந்தபட்சம் அதன் வாயிலுள்ள குழாயைக் கழற்றி, சக்கரத்தின் தண்டை விரலால் அசைத்துக் காட்ட வேண்டும். சக்கரத்தின் இறகு சுற்றுச்சுவரைத் தொட்ட தடம் இருக்கிறதா, குழாயில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா, புகைபோக்கியில் நீலப் புகை வருகிறதா என்பவற்றைக் கண்ணால் பார்க்கலாம். அப்படிக் காட்டாமல் ஒன்றேமுக்கால் லட்சம் கேட்பவரிடம் வண்டியை விடத் தேவையில்லை.

வண்டியில் செருகிக் கோடுகளைப் படிக்கும் சிறிய ஓபிடி கருவி ஒன்றை நீங்களே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, செல்பேசியோடு ப்ளூடூத்தில் பேசும். அது இன்ஜினின் பொதுக் கோடுகளை மட்டுமே காட்டும். டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் உள்விவகாரங்களை அறிய ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கென்றே இருக்கும் விசிடிஎஸ் போன்ற மென்பொருள் வேண்டும். ஆனாலும் அந்தச் சிறு கருவியால் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடிக்கலாம். பழுதைத் தொடாமல் கோடை மட்டும் அழித்துவிட்டு "சரி பண்ணியாச்சு" என்று கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்படி அழித்தால், கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினெஸ் என்ற பட்டியலில் பல "முடியவில்லை" என்று மாறிவிடும். சில நாள் ஓடிய பிறகே ஒவ்வொன்றாக நிறைவு பெறும். வண்டியை எடுக்கும்போது அந்தப் பட்டியலைப் பாருங்கள். பழைய கார் வாங்கும்போதும் இதே வேலை பயன்படும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு விஷயம், நின்றுகிடக்கும் வண்டிகள். கொண்டுவிற்கவென்று கடல்கடந்து வணிகத்துக்குப் போன குடும்பங்களின் வழக்கம் இன்னும் மாறவில்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் எத்தனையோ நல்ல கார்கள் வருடத்தில் பத்து மாதம் துணி போர்த்தி நிற்கின்றன, திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ மட்டும் வெளியே வருகின்றன. உங்கள் வண்டி சென்னையில் அப்படி நின்றதா என்று உறவினரைக் கேளுங்கள். முழுதாகச் சார்ஜான பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. மின்னழுத்தம் விழுந்தால் ஒவ்வொரு கணினியும் தன்பங்குக்கு ஒரு கோடை எழுதிவைக்கும், எனக்கு நேர்ந்ததுபோல. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற டேங்கில் அதுவே ஒரு தொல்லை. ஒயரைக் கடிக்கும் எலியைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்டறிதல் முடிந்து, பழுது நீங்கி, இரண்டாயிரம் கிலோமீட்டராவது ஒழுங்காக ஓடிய பிறகுதான் ரீமேப் போன்ற டியூனிங் பேச்சு. கண்டறிபவரும் டியூன் செய்பவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. இருக்கக் கூடாது என்றே சொல்வேன். டியூன் விற்பவருக்கு உங்கள் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்வதில் ஆதாயம் இருக்கிறது. ஆதாயமில்லாத ஒருவர் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளந்து, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குமேல் வேறுபாடில்லை என்று எழுதித் தரட்டும். ஐயமிருந்தால் லீக்டவுன் சோதனையும் செய்யலாம்: சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. பத்து சதவீதத்துக்குள் என்றால் நல்லது, இருபதைத் தாண்டினால் கவலை. அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த அம்சம், காற்று எங்கே ஓடுகிறது என்று காதாலேயே கேட்கலாம் என்பது: ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், புகைபோக்கியில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டர் நீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

உங்கள் வண்டியின் கியர்பாக்ஸைப் பற்றி, ரீமேப் செய்யச் சொன்னவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதுதான் எனக்கு அவர்மேல் இருக்கும் பெரிய குறை. அதன் பெயர் டிக்யூ200. எண்ணெயில் மூழ்காத இரண்டு உலர் கிளட்ச்களைக் கொண்டது. 250 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசைக்கென வடிவமைக்கப்பட்டது. உங்கள் இன்ஜின் தருவதும் அதே 250தான். இது தற்செயல் இல்லை. இந்தியாவில் விற்ற சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ வண்டியில், கையால் மாற்றும் கியர் என்றால் 320, டிஎஸ்ஜி என்றால் 250 என்று நிறுவனமே குறைத்துக் கொடுத்தது. அதாவது உங்கள் இன்ஜினுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, கியர்பாக்ஸுக்கு இல்லை. ஆக்டேவியா விஆர்எஸ் வண்டிக்கு எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட ஆறு கியர் பெட்டியைக் கொடுத்ததும் இதனால்தான். பொருள் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றும் ஸ்டேஜ் 1 மேப் போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கிளட்ச்சும் அதை இயக்கும் மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியும் முன்கூட்டியே தேய்வதை ஏற்றுக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். டியூன் செய்பவர் நேர்மையானவரா என்று அறிய இந்த ஒரு கேள்வி போதும்: "250க்கு மேல போனா கியர்பாக்ஸ் என்ன ஆகும்ணே?" தாழ்ந்த ஆர்பிஎம்மில் முறுக்குவிசையை அடக்கி வைத்து, மேலே சக்தியைக் கூட்டும்படி மேப் எழுதுவேன் என்று விளக்குபவரிடம் மேற்கொண்டு பேசலாம். "ஒண்ணும் ஆகாது" என்பவரிடம் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எரிபொருள் அடுத்த கேள்வி. எக்ஸ்பி100 என்ற நூறு ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் அறிமுகமானது, ஆனால் அதை நம்பி எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு நீங்கள் தேவகோட்டைப் பங்க்கில் நிற்க முடியாது. உங்களுக்குத் தவறாமல் கிடைக்கும் பெட்ரோல் எதுவோ அதற்குத்தான் மேப் வேண்டும்; அதைவிடத் தாழ்ந்ததை ஒருநாள் ஊற்ற நேர்ந்தாலும் தாங்க வேண்டும். இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. தூய பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு தேவையென்றால், பத்து சதவீதக் கலப்புக்கு ஏறத்தாழ 14.1, இருபது சதவீதக் கலப்புக்கு ஏறத்தாழ 13.5. ஆகவே பழைய கலப்பிலிருந்து புதியதற்கு மாறிய வண்டி, அதே காற்றுக்கு நான்கு சதவீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்றும். கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருத்தமான நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் அந்த அளவுக்கு மேலே நகரும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்ஜெக்டர் போய்விட்டது என்று சொன்ன ஒருவரையும் நான் சந்தித்திருக்கிறேன். ட்ரிம் பத்து சதவீதத்தைத் தாண்டினால்தான் அவர் பேச்சுக்குக் காது கொடுக்கலாம்.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். 20 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்று ஏறத்தாழ ஆறு சதவீதம் அடர்த்தி குறைந்தது. சித்திரை மாதத்து மதியத்தில் உங்கள் இன்ஜின் சுவாசிப்பது அதைத்தான். வெப்பம் ஏறினால் நாக், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது, ஏற்படும் வாய்ப்பும் கூடும், கணினி இக்னிஷனைப் பின்தள்ளும், சக்தி குறையும். ஊட்டி மலையடிவாரத்தில் ஜனவரி மாதம் எழுதி முடித்த மேப், இங்கே மே மாதத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு பதிவு எடுத்து அனுப்பச் சொல்லும் டியூனர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

டைனோ என்ற சக்தி அளக்கும் கருவி இல்லாமல் டியூன் செய்பவரிடம் போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சாலைப் பதிவுகளைக் கொண்டே கச்சிதமாக எழுதுபவர்கள் உண்டு. ஆனால் முதல்முறை செய்பவருக்கு டைனோ உள்ள இடம் பாதுகாப்பு. கோவை நமக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பம்ப்பும் நூற்பு இயந்திரமும் செய்து பழகிய ஊர் அது. கரிவர்தன் பந்தயக் கார்களை வடிவமைத்ததும், செட்டிப்பாளையத்தில் அவர் பெயரால் ஓடுதளம் இருப்பதும், 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் வந்ததும் அந்த ஊரிலிருந்துதான். இன்ஜினை அளந்து பார்க்கும் பழக்கம் அங்கே பட்டறைகளில் ஊறியிருக்கிறது. போனால், தொடுவதற்கு முன் இருக்கும் நிலையில் மூன்று ஓட்டம் அடுத்தடுத்து எடுக்கச் சொல்லுங்கள். டியூன் செய்த பிறகு அதே நாளில், அதே டைனோவில் மூன்று ஓட்டம். முன்னதை எடுக்காமல் பின்னதை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் தாளுக்கு மதிப்பில்லை. சக்கரத்தில் அளந்த சக்தியும் இன்ஜினில் கணக்கிட்ட சக்தியும் வேறு என்பதையும், வெப்பத்துக்கு என்ன திருத்தம் சேர்த்தார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் வண்டிக் கணினியில் முதலில் இருந்த மூல மென்பொருள் ஃபைலின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். கொடுக்க மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். மாற்றத்தை மறைத்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெற்றுக் குழாய் போடச் சொல்பவரிடம், அதற்கான வழக்கையும் நீங்களே ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

செய்தவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் வீடுகளில் வட்டிக்கடைப் பேரேட்டையும் ஐந்தொகையையும் நாள் தவறாமல் எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வண்டிக்கு மட்டும் ஏனோ வாய்க்கணக்கு வைத்துக்கொள்கிறோம். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய பெட்ரோல், வந்த கோடு, அளந்த எண், மாற்றிய பொருளின் பார்ட் நம்பர், கொடுத்த தொகை. அடுத்த மெக்கானிக்கிடம் போகும்போது அந்த நோட்டை முதலில் நீட்டுங்கள். அதை வாங்கி உட்கார்ந்து படிப்பவர் என்றால், பாதித் தேர்வு முடிந்தது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவே. அதிக பூஸ்ட் ஏறும்படி மிதிக்காமல் நிதானமாக ஓட்டுங்கள். உதிரிபாகக் கடையில் நான் சொன்னபடி விசாரியுங்கள். ஸ்மோக் டெஸ்ட் செய்யத் தெரிந்தவரைக் கண்டுபிடித்ததும், வண்டியை முதல் நாள் மாலையே அவரிடம் விட்டுவிடுங்கள். இரவு முழுதும் ஆறிய இன்ஜினைக் காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது அவர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டிய சில ஓசைகள் இருக்கின்றன, சூடான வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் அவை அவருக்குக் கிடைக்காது.